வேகமாகக் கிளம்பும் சன்னம் ஏன் கூடுதலாக விலகுகிறது?

கேள்வி இதுதான். திருகோணமலை உவர்மலையில் வளர்ந்து இப்போது கனடாவின் கல்கரியில் இருக்கும் ஒரு தம்பி, வேட்டை உரிமம் எடுத்து இரண்டு பருவம் ஆகிறது. அவருடைய .308 வின்செஸ்டர் துவக்கு, தட்டையான அடி கொண்ட 150 கிரெயின் (சன்னத்தின் நிறையை அளக்கும் அலகு) சன்னத்தைச் செக்கனுக்கு 860 மீற்றர் வேகத்தில் அனுப்புகிறது. 200 மீற்றரில் கடதாசிக் குறியில் விழும் துளைகளை ஒரு தேநீர்க் கோப்பையின் வாயால் மூடிவிடலாம். 400 மீற்றருக்குப் போனால் ஒருநாள் நடுவில் விழுகிறது, இன்னொருநாள் அரை மீற்றர் பக்கத்தில் விழுகிறது. கடைக்காரர் 6.5 கிரீட்மோர் என்ற வேறு துவக்கு வகையில் 143 கிரெயின் நீளச் சன்னத்தைக் காட்டுகிறார். ஆனால் அது 823இல்தான் கிளம்புகிறது. "மெதுவாகக் கிளம்புவது எப்படி அண்ணை திறமாகும்? கூர் நுனிதான் விசயமா? புதுத் துவக்கு வாங்கத்தான் வேண்டுமா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் சன்னத்தை மாற்றிப் பாருங்கள். ஏன் என்பதற்குத்தான் மிச்சம் எல்லாம்.

குழல்வாயில் இருக்கும் வேகத்தை எல்லாரும் பார்க்கிறார்கள், ஏனென்றால் அது பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கிறது. தூரத்துக்குச் சுடும்போது பார்க்கவேண்டியது வேறொன்று: வழியில் காற்று அந்தச் சன்னத்திடம் எவ்வளவு நேரத்தைப் பறித்துக்கொள்கிறது என்பது. காற்றே இல்லாத வெற்றிடத்தில் 400 மீற்றரைக் கடக்க ஒரு சன்னத்துக்கு இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. உண்மையில் பிடிக்கும் நேரம் அதைவிடக் கூட. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். பக்கக்காற்றின் வேகத்தை இந்தத் தாமதத்தால் பெருக்கினால் பக்கவாட்டு விலகல் வந்துவிடும்.

இதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். துறைமுக வாயில் நீரோட்டத்தில் வள்ளம் அள்ளுப்படுவதுபோல, பறக்கும் நேரம் முழுக்கக் காற்று சன்னத்தைப் பக்கமாகத் தள்ளுகிறது என்று நினைக்கிறார்கள். அப்படியென்றால் செக்கனுக்கு 4 மீற்றர் வேகக் காற்றில், அரைச் செக்கனுக்குச் சற்றுக் கூடப் பறக்கும் சன்னம் இரண்டு மீற்றருக்கு மேல் விலகவேண்டும். அப்படி விலகுவதில்லை. சுழன்றுகொண்டு போகும் சன்னம் குழலைவிட்டு வந்தவுடன், எதிரே வரும் காற்றோட்டத்தை நேராகப் பார்க்கும்படி மூக்கைத் துளி திருப்பிக்கொள்கிறது. 823 மீற்றர் வேகத்துக்கு 4 மீற்றர் பக்கக்காற்று என்றால் அந்தத் திருப்பம் ஒரு பாகையில் கால்வாசியைவிடச் சற்றுக் கூட, அவ்வளவுதான். பின்னோக்கி இழுக்கும் விசையும் அதே அளவு சரிந்துவிடுகிறது. அந்தச் சரிவுதான் சன்னத்தைப் பக்கமாகக் கொண்டுபோகிறது. இழுவை குறைந்தால் விலகலும் குறையும். இழுவையே இல்லையென்றால் புயலிலும் நேராகப் போகும்.

இப்போது தம்பியின் இரண்டு சன்னங்களையும் கணக்கில் போடுவோம். கடல்மட்டம், 15 பாகை செல்சியஸ், நேர் பக்கத்திலிருந்து 4 மீற்றர் காற்று. 143 கிரெயின் சன்னத்துக்குப் பெட்டியில் போட்டிருக்கும் பீ.சீ. (காற்றைச் சமாளிக்கும் திறனைச் சொல்லும் எண்) ஜீ7 கணக்கில் .315. 150 கிரெயின் சன்னத்துக்கு ஜீ1 கணக்கில் .338. இந்த எண்களின் அர்த்தத்துக்குப் பிறகு வருகிறேன்.

வேகமாகக் கிளம்பிய 150 கிரெயின் 400 மீற்றரைத் தொடும்போது 532 மீற்றர் வேகத்தில் இருக்கிறது. எடுத்த நேரம் 0.592 செக்கன், தாமதம் 0.127 செக்கன், விலகல் 51 சென்ரிமீற்றர். மெதுவாகக் கிளம்பிய 143 கிரெயின் அதே இடத்தில் 642 மீற்றர் வேகத்தில் இருக்கிறது. நேரம் 0.55, தாமதம் 0.065, விலகல் 26 சென்ரிமீற்றர். செக்கனுக்கு 37 மீற்றர் கூடிய வேகத்தில் ஓடத் தொடங்கியவன் 110 மீற்றர் குறைந்த வேகத்தில் வருகிறான், காற்றில் இரண்டு மடங்கு அடிபட்டும் வருகிறான். தம்பி சொன்ன "அரை மீற்றர்" எங்கிருந்து வந்தது என்று தேடவே தேவையில்லை. அவருடைய துவக்கில் பிழை இல்லை. அன்றைக்குக் காற்று இருந்திருக்கிறது.

200 மீற்றரில் இது ஏன் தெரியவில்லை? தாமதம் தூரத்தோடு நேராக வளர்வதில்லை. தூரம் இரண்டு மடங்கானால் அது நாலு மடங்குக்கு மேல் போகும். 143 கிரெயினுக்கு 200இல் 6, 300இல் 14, 400இல் 26, 500இல் 42 சென்ரிமீற்றர். 200 மீற்றர் வரைக்கும் எந்தச் சன்னமும் நல்ல பிள்ளைதான்.

விழுகையில் அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்லவேண்டும், ஏனென்றால் கடைகளில் இதைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். 200 மீற்றரில் குறி ஒத்துவரும்படி ஸ்கோப்பை வைத்தால், 400இல் 150 கிரெயின் 81 சென்ரிமீற்றர் கீழே விழும், 143 கிரெயின் 70. வித்தியாசம் 11 சென்ரிமீற்றர். தூரம் தெரிந்தால் ஸ்கோப்பின் குமிழைத் திருகி விழுகையைச் சரிக்கட்டிவிடலாம். ஈர்ப்பு இன்றைக்கும் நாளைக்கும் ஒன்றுதான். காற்று அப்படியா?

இனிச் சன்னத்தின் உருவம். இழுவையை நாலு விசயம் தீர்மானிக்கிறது: காற்றின் அடர்த்தி, சன்னத்தின் முகப்புப் பரப்பு, வேகத்தின் வர்க்கம், உருவம். வரும் இழுவையைத் தாங்கிக்கொண்டு வேகத்தை விடாமல் வைத்திருப்பது திணிவு. ஆகவே மெலிந்து, நீண்டு, பாரமாக இருப்பது நல்லது. இறாத்தலில் உள்ள நிறையை அங்குலத்தில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 150 கிரெயின் .308க்கு 0.226 வரும், 143 கிரெயின் 6.5க்கு 0.293 வரும். உருவத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னரே 6.5 முன்னுக்கு நிற்கிறது.

நுனி கூராக இருப்பது எதற்கு? ஒலியைவிட வேகமாகப் போகும் பொருள் தனக்கு முன்னால் அதிர்ச்சி அலை ஒன்றைத் தள்ளிக்கொண்டு போகிறது. 1886இல் பௌதிகவியலாளர் பீற்றர் சால்ச்சர் பறக்கும் சன்னத்தைப் படம்பிடித்து, ஏர்ன்ஸ்ற் மாக் 1887இல் அதை விளக்கி வெளியிட்டபோதுதான் அந்த அலை முதன்முதலில் கண்ணுக்குத் தெரிந்தது. மொட்டை நுனிக்கு முன்னால் அலை குந்தி நிற்கும், நீண்ட கூர் நுனியில் சாய்ந்து ஒட்டிக்கொண்டு போகும். இந்த அலையை உண்டாக்குவதற்குச் செலவாகும் சக்திதான் ஒலியைவிட வேகமான பறப்பில் பெரிய செலவு. ஆனால் உண்மையில் முக்கியம் நுனியின் கடைசி ஒரு மில்லிமீற்றர் அல்ல. நுனியிலிருந்து முழு விட்டம் வரும்வரை உள்ள வளைவு எவ்வளவு நீளம், எவ்வளவு மெதுவாகப் பருக்கிறது என்பதே முக்கியம். ஈயம் தெரியும் மென்நுனிச் சன்னம் பெட்டிக்குள் முட்டி நுனி சற்று நசுங்கினால் பதறவேண்டாம். வேட்டைத் தூரத்தில் அதனால் வரும் பாதிப்பு சிறியது.

பின்பக்கம்தான் பலர் பார்க்காத இடம். திருக்கோணமலைக் கரையில் பைபர் போட் ஒன்று இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேகத்திலேயே சறுக்கி வரும்போது அதன் வெட்டிவிட்டதுபோன்ற பின்பலகைக்குப் பின்னால் பாருங்கள்: தண்ணீர் சுழன்று குமிழியடித்து வள்ளத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருக்கும். அறுக்குளாவை வெட்டுப் பலகையில் போட்டுப் பாருங்கள்: நடுவில் பருத்து, வாலடியில் இரண்டு விரலால் பிடிக்கும் அளவுக்கு ஒடுங்கியிருக்கும். தட்டை அடிச் சன்னம் முதல் வகை. அதன் பின்னால் காற்று வந்து மூடுவதற்குள் சன்னம் போய்விடுகிறது, அங்கே அமுக்கம் குறைந்த ஒரு குழி உருவாகிப் பின்னுக்கு இழுக்கிறது. அடி ஒடுங்கிய படகுவால் சன்னத்தில் அந்தக் குழி சிறியது. வேகம் குறையக் குறைய முன்பக்க அலையின் பங்கு குறைந்து பின்பக்க இழுவையின் பங்கு கூடும். அதனால் படகுவாலின் பயன் தூரத்தில்தான் தெரியும். 150 மீற்றருக்குள் மரக்காட்டில் சுடுபவருக்குத் தட்டை அடியே போதும்.

அடிப்பக்கத்தைப் பற்றி இன்னொன்று. நசுங்கிய நுனி பெரிய பாவம் இல்லை என்றேன். நசுங்கிய அடி பெரிய பாவம். சன்னம் குழல்வாயைவிட்டு வெளியேறும் கணத்தில் பின்னால் இருக்கும் வாயு ஒரு பக்கம் முந்திச் சீறினால், சன்னம் பிறக்கும்போதே தள்ளாடிக்கொண்டு பிறக்கும். குழல்வாயின் விளிம்பில் சின்ன வெட்டு, துருப்பொட்டு இருந்தாலும் இதேதான். சுத்தம் செய்யும் கம்பியை முன்பக்கத்தால் விட்டு விளிம்பைத் தேய்த்துக் கெடுத்துவிட்டு, சன்னத்தைக் குறை சொல்பவர்கள் நிறைய.

பீ.சீ. என்ற எண்ணுக்கு வருவோம். ஒரு மாதிரிச் சன்னத்தோடு ஒப்பிட்டால் உங்கள் சன்னம் காற்றை எவ்வளவு சமாளிக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. சிக்கல், மாதிரிகள் இரண்டு. ஜீ1 என்பது 19ஆம் நூற்றாண்டுப் பாணியில் தட்டை அடியும் குட்டை நுனியும் கொண்டது. ஜீ7 நீண்ட நுனியும் 7.5 பாகை படகுவாலும் கொண்டது. ஒரே சன்னத்துக்கு இரண்டு எண் வரும். மேலே சொன்ன 143 கிரெயினுக்கு ஜீ1இல் .625, ஜீ7இல் .315. தூரச் சன்னங்களுக்கு ஜீ7தான் பொருத்தம், ஏனென்றால் வேகம் மாறினாலும் அந்த எண் அதிகம் அசையாது. ஜீ1 எண் பெரிதாகத் தெரிவதால் விளம்பரத்துக்கு அது பிடிக்கும்.

இங்கே நடக்கும் பிழை மிகச் சாதாரணம்: சன்னத்தின் பாதையைக் கணக்கிடும் கைத்தொலைபேசிச் செயலியில் ஜீ7 என்று தெரிவுசெய்துவிட்டு .625 என்று போடுவது. செயலி உங்கள் சன்னத்தை இரண்டு மடங்கு கெட்டிக்காரன் என்று நம்பிவிடும். 400 மீற்றரில் சன்னம் செயலி சொன்னதைவிட எட்டு ஒன்பது சென்ரிமீற்றர் கீழே விழும். காற்றுக்கு அது சொல்லும் திருத்தமோ பாதிதான் இருக்கும். "செயலி பொய் சொல்லுது" என்று முறைப்பாடு வந்தால் முதலில் செயலியின் இந்தக் கட்டத்தைத்தான் திறந்து பார்க்கவேண்டும்.

பிளாஸ்ரிக் நுனி வைத்த சன்னங்களில் இன்னொரு கதை. ராடாரால் முழுப் பாதையையும் அளந்தபோது, காற்றின் உராய்வுச் சூட்டில் நுனி இளகி உருமாறி இழுவை கூடுவதாகச் சன்னம் தயாரிக்கும் ஹோர்னடி நிறுவனம் கண்டு, 2015இல் சூடு தாங்கும் வேறு பொருளுக்கு மாறியது. 400 மீற்றர் வேட்டைக்கு இது பெரிய தலையிடி இல்லை. அச்சடித்த எண் கடவுள்வாக்கு இல்லை என்பதற்கு நல்ல உதாரணம்.

நீண்ட சன்னத்துக்கு ஒரு விலை உண்டு: அதைச் சுழற்றவேண்டும். அதன் பாரத்தின் மையம் பின்னால் இருக்கிறது, காற்று அழுத்தும் மையம் முன்னால் இருக்கிறது. சுழற்சி இல்லாவிட்டால் காற்று மூக்கைப் பிடித்துத் திருப்பிக் குப்புற விழுத்திவிடும். பம்பரம் சுற்றும்வரைதான் நிற்கும், அதே கணக்கு. குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதை முறுக்கு என்பார்கள். 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால், 823 மீற்றர் வேகத்தில் வெளியேறும் சன்னம் செக்கனுக்கு ஏறக்குறைய 4,050 தடவை சுற்றும்.

எவ்வளவு முறுக்குத் தேவை என்று கையால் கணக்குப் பார்க்க 1879இல் இங்கிலாந்தின் வூல்விச் இராணுவக் கல்லூரியில் கணிதவியலாளர் கிரீன்ஹில் கொடுத்த வழி இன்றும் உதவுகிறது. சன்னத்தின் நீளத்தை விட்டத்தால் வகுங்கள். 150ஐ அந்த விடையால் வகுங்கள். அதை விட்டத்தால் பெருக்குங்கள். 7.82 மில்லிமீற்றர் விட்டம், 32 மில்லிமீற்றர் நீளம் என்றால்: 32ஐ 7.82ஆல் வகுக்க 4.09. 150ஐ 4.09ஆல் வகுக்க 36.7. அதை 7.82ஆல் பெருக்க 287 மில்லிமீற்றர், அதாவது 11¼ அங்குலம். இதைவிட வேகமான முறுக்கு (10 அங்குலம்) இருந்தால் நிம்மதி. 12 அங்குல முறுக்குள்ள பழைய .308 குழலில் இந்தச் சன்னம் விளிம்பில் நிற்கும். நிறையைப் பார்க்கவேண்டாம், நீளத்தைப் பாருங்கள். ஈயம் இல்லாத செப்புச் சன்னம் அதே நிறைக்கு நீளம் கூடியது. 165 கிரெயின் ஈயச் சன்னத்தை நன்றாகச் சுட்ட குழல், 165 கிரெயின் செப்பை உதறித் தள்ளுவது இதனால்தான்.

சுழற்சி போதாவிட்டால் கடதாசியே சொல்லிவிடும். வட்டத் துளைக்குப் பதிலாக நீள்வட்டமோ, பக்கவாட்டாக விழுந்த சன்னத்தின் முழு உருவமோ தெரிந்தால் வேறு விசாரணை வேண்டாம். அதைவிடக் கள்ளமானது பாதித் தள்ளாட்டம்: துளை வட்டமாகவே இருக்கும், ஆனால் சன்னம் மூக்கைச் சற்று ஆட்டிக்கொண்டு போவதால் இழுவை கூடி, பெட்டியில் உள்ள பீ.சீ. கிடைக்காது. கோடையில் விளிம்பில் நின்ற சன்னம் பனிக்காலத்தில் விளிம்பைத் தாண்டும், ஏனென்றால் குளிர் காற்று அடர்த்தி கூடியது.

அடர்த்தி என்றதும் ஊர் ஞாபகத்தில் ஒரு தப்பபிப்பிராயம் வரும். கல்கரி கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல், அங்கே காற்று ஐது. திருக்கோணமலை கடலோரம், ஈரக்காற்று, ஆகவே கனம் என்று. கணக்கு எதிராக வருகிறது. 33 பாகை வெயிலில் 70 வீத ஈரப்பதனோடு நிலாவெளிக் கரையில் ஒரு கன மீற்றர் காற்று 1.13 கிலோ. கல்கரியில் மைனஸ் 10 பாகையில் 1.18 கிலோ. மேட்டின் ஐதை குளிர் விழுங்கிவிடுகிறது. ஈரமும் காற்றைக் கனமாக்குவதில்லை. நீராவி மூலக்கூறு நைதரசனையும் ஒட்சிசனையும்விட இலேசு, அதனால் ஈரக்காற்று உலர்காற்றைவிட ஒரு வீதமளவு இலேசாகத்தான் இருக்கும். உடம்பில் ஒட்டும் புழுக்கத்தைக் காற்றின் கனம் என்று மனம் எடுத்துக்கொள்கிறது.

இவ்வளவு சொன்னபிறகு ஒரு உண்மையையும் சொல்லவேண்டும்: 400 மீற்றரில் அடர்த்தி 8 வீதம் மாறினாலும் 143 கிரெயின் சன்னத்தின் விழுகை ஏறக்குறைய 2 சென்ரிமீற்றர்தான் மாறும். குளிரில் இதைவிடப் பெரிய களவு வெடிமருந்தில் நடக்கிறது. குளிர்ந்த மருந்து மெதுவாக எரியும். குழல்வாய் வேகம் 15 மீற்றர் குறைந்தால் 400இல் 5 சென்ரிமீற்றர் கீழே விழும். ஓகஸ்ற் மாதம் வேகம் அளந்துவிட்டு நவம்பரில் அதே எண்ணை நம்பக்கூடாது. மருந்து வகைக்கு வகை இந்த வித்தியாசம் மாறும் என்பதால் குளிரிலும் ஒருதடவை அளப்பது ஒன்றே வழி.

சின்ன விலகல்கள் மூன்று இருக்கின்றன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வலப்பக்கம் சுழலும் சன்னம் தானாகவே வலப்பக்கம் ஒதுங்கும், 400இல் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர். பூமி சுழல்வதால் வருவது கல்கரியின் அகலக்கோட்டில் 1 சென்ரிமீற்றர் சொச்சம், 8½ பாகையில் இருக்கும் திருக்கோணமலையில் 2 மில்லிமீற்றர். இதற்காகச் செயலியில் நேரம் செலவழிப்பது வீண். மூன்றாவதைக் கவனிக்கலாம்: பக்கக்காற்று சன்னத்தை மேலும் கீழும்கூடச் சற்று நகர்த்தும். வலச்சுழல் குழலில் இடப்பக்கக் காற்று வலமும் கீழும், வலப்பக்கக் காற்று இடமும் மேலும். 4 மீற்றர் காற்றில் இது 400இல் மூன்று நாலு சென்ரிமீற்றர். காற்று மாறி மாறி அடித்த நாளில் துளைகள் இடது மேலிருந்து வலது கீழாகச் சரிந்த கோட்டில் விழுந்திருந்தால் கையைக் குறை சொல்லாதீர்கள்.

எல்லாவற்றிலும் மேலானது காற்றை வாசிப்பது. மானின் நெஞ்சில் உயிர்நிலை என்று நம்பக்கூடிய வட்டம் 20 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 10. காற்றை 4 என்று நினைத்தீர்கள், உண்மையில் 6. 143 கிரெயினில் 400 மீற்றரில் பிழை 13 சென்ரிமீற்றர், வட்டத்துக்கு வெளியே. 150 கிரெயினில் 25, வயிற்றில் அல்லது காலில். அதே 2 மீற்றர் பிழை 300 மீற்றரில் 143க்கு 7 சென்ரிமீற்றர், உள்ளே. நல்ல சன்னம் வாங்குவதன் அர்த்தமே இந்த மன்னிப்புத்தான். தூரத்தைக் கூட்டுவதற்கு அதைப் பாவிக்கிறவர் மன்னிப்பை விற்றுத் தின்கிறார்.

காற்றுமானி கையில் இருந்தால் அது நீங்கள் நிற்கும் இடத்தை மட்டும் சொல்லும். ஆனாலும் அந்த இடம்தான் கூடுதல் முக்கியம்: தொடக்கத்தில் வாங்கிய சரிவை மிச்சத் தூரம் முழுக்கச் சன்னம் சுமந்துகொண்டு போகும். மிருகத்துக்குப் பக்கத்தில் அடிக்கும் காற்றுக்கு வேலைசெய்ய நேரம் இல்லை. நடுவில் பள்ளத்தாக்கு இருந்தால் அங்கே வேறு காற்று. புல்லையும் இலையையும் பாருங்கள். முகத்தில் காற்றுத் தெரிந்து இலை சலசலத்தால் 2 முதல் 3 மீற்றர். இலையும் சிறு சுள்ளியும் ஓயாமல் ஆடினால் 4 முதல் 5. புழுதியும் கடதாசியும் எழும்பினால் 6க்கு மேல். ஆடி மாதக் கச்சானில் திருக்கோணமலைத் தெருவில் நடந்தவருக்கு மூன்றாவது வகையை விளக்கத் தேவையில்லை. காற்றின் கோணமும் முக்கியம்: நேர் பக்கம் முழுக் கணக்கு, 45 பாகையில் பத்தில் ஏழு பங்கு, 30 பாகையில் பாதி. நேரெதிரே என்றால் பக்க விலகல் இல்லை, ஆனால் சற்றுத் திசை மாறினாலே இடமோ வலமோ ஆகிவிடும் என்பதால் அந்தக் காற்றுத்தான் ஏமாற்றுவது.

தூரத்தை லேசர் மானியால் அளக்காமல் கண்ணால் மதிப்பிடவே கூடாது. 400 என்று நினைத்த மிருகம் 425இல் நின்றால் 15 சென்ரிமீற்றர் கீழே. மலைச்சரிவில் மேலோ கீழோ சுடும்போது கிடைத்தூரத்தைத்தான் விழுகைக்கு எடுக்கவேண்டும்: 30 பாகைச் சரிவில் 400 என்றால் 346. காற்றுக்கு மட்டும் 400ஐயே வைத்துக்கொள்ளுங்கள்.

இனி .308க்கே திரும்புவோம். அதே துவக்கில் 178 கிரெயின் படகுவால் சன்னம், ஜீ7 .278, 792 மீற்றர் வேகம் என்று போட்டால் 400இல் விலகல் 32 சென்ரிமீற்றர். 51 எங்கே, 32 எங்கே. 6.5இன் 26க்குக் கிட்ட வந்துவிட்டது. விழுகை 79, அதாவது 150 கிரெயினைவிட ஒரு துளி நல்லது. அடிக்கும் வேகம் 590. இது ஏன் முக்கியமென்றால், வேட்டைச் சன்னம் உடம்புக்குள் விரிந்தால்தான் மிருகம் உடனே விழும், பல சன்னங்களுக்கு அதற்குக் குறைந்தது 490 முதல் 550 மீற்றர் வேகம் தேவை. தயாரிப்பாளர் தன் சன்னத்துக்குரிய எண்ணைச் சொல்லியிருப்பார். 150 கிரெயின் 532இல் அந்த எல்லைக்குள்ளேயே நின்று தடுமாறுகிறது. குறி சரியாகப் பட்டும் மிருகம் ஓடித் தொலைவது இப்படித்தான். துவக்கின் முறுக்கு 10 அங்குலமா என்று முதலில் பாருங்கள். 12 என்றால் 178ஐ மறந்துவிட்டு, நீளம் குறைந்த 165 கிரெயின் படகுவாலுக்குப் போங்கள்.

வாங்கியபின் செய்யவேண்டியது. ஒரே இலக்கத் தொகுதிப் பெட்டிகளாக மூன்று நாலு எடுங்கள். வேகமானியில் பத்து வெடியின் சராசரியைப் பாருங்கள், பெட்டியில் போட்ட வேகம் வேறு நீளக் குழலில் அளந்தது. காற்றில்லாத காலையில் 200 மீற்றரில் குறியை ஒத்துவையுங்கள். ஸ்கோப்பின் உயரத்தைக் குழலின் நடுவிலிருந்து அளந்து செயலியில் போடுங்கள், வழக்கமாக 4 முதல் 5 சென்ரிமீற்றர். பிறகு 300இலும் 400இலும் ஐந்தைந்து வெடி வைத்து, செயலி சொன்ன விழுகையோடு ஒப்பிடுங்கள். 300இலேயே பிழை தெரிந்தால் பெரும்பாலும் வேகம் பிழை அல்லது ஸ்கோப்பின் குமிழ் சொன்ன அளவு நகரவில்லை. தூரம் போகப்போகத்தான் பிழை திறக்கிறதென்றால் பீ.சீ. எண்ணைச் சற்றுக் குறையுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திருத்தக்கூடாது, எது எதைச் சரிசெய்தது என்று பிறகு தெரியாது. மில் என்ற கோண அளவில் திருகும் ஸ்கோப் என்றால் 400 மீற்றரில் ஒரு மில் 40 சென்ரிமீற்றர், ஒரு கிளிக் 4. 178 கிரெயினுக்கு 79 சென்ரிமீற்றர் விழுகை 2 மில், 4 மீற்றர் காற்றுக்கு 0.8 மில். இந்த இரண்டு எண்ணையும் துவக்கின் தோள்கட்டையில் ஒரு துண்டு ரேப்பில் எழுதி ஒட்டுங்கள். குளிரில் தொலைபேசி அணைந்துவிடும்.

அதன்பின் காற்றடிக்கும் நாளாகப் பார்த்து மூன்று நாள் சுடுதளத்துக்குப் போங்கள். ஒவ்வொரு வெடிக்கும் முன்னர் காற்றை வாய்விட்டுச் சொல்லி எழுதி, பிறகு சுட்டு, துளை எங்கே என்று பாருங்கள். பத்தில் ஒன்பது 20 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் விழும் தூரம் எதுவோ, அது 280 என்றால் 280தான் உங்கள் தூரம்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு ஒரு வரி. பிரெட்ரிக் கோட்டைக்குள் ஆளைக் கண்டும் அசையாமல் நிற்கும் புள்ளிமானைப் பார்த்து இந்தக் கணக்கைப் போடவேண்டாம், இலங்கையில் மான் வேட்டை சட்டவிரோதம். பயிர்க்காவலுக்கு அனுமதியோடு வைத்திருக்கும் 12 போர் துவக்குக்கும் இதில் எதுவும் பொருந்தாது: அதன் குழல் வழவழப்பு, சன்னங்கள் சின்ன உருண்டைகள். உருண்டைக்குக் கூர் முன்னும் இல்லை, ஒடுங்கிய பின்னும் இல்லை, நிறையும் இல்லை. கோட்டை வாசல் பீரங்கியின் குண்டுக்காவது பாரம் இருந்தது. இதற்கு அதுவும் இல்லாததால் நாற்பது மீற்றருக்குள் காற்று கணக்கை முடித்துவிடும்.